சதுரக்கட்டையா, கண்ணாடியா, தோலா? வீட்டில் நகம் மினுக்க எந்தப் பஃபர்

கியூட்டெக்ஸ் பூசாமலே நகம் மினுங்க வேண்டும் என்று விரும்புபவர்கள் கொழும்பில் நிறையப் பேர். தொழுகைக்கு முன் வுழுச் செய்யும்போது தண்ணீர் நகத்தைச் சேரவேண்டும் என்பதால் பூசாதவர்கள், ஆஸ்பத்திரியில் தாதிகளாக வேலை செய்பவர்கள், பாடசாலை விதிக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள், நாள் முழுக்கக் குசினியில் நிற்பதால் பூசியது மூன்றாம் நாளே உரிந்துபோகிறவர்கள். இவர்களுக்கெல்லாம் நகத்தின் முகத்தைத் தேய்த்து மினுக்கும் பஃபர்தான் வழி. வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு பான்சிக் கடைக்குள் போய்க் கேட்டால் நாலைந்து வகையை எடுத்துப் போடுவார்கள். “இது ஏழு பக்கம் அக்கா, எல்லா வேலையும் செய்யும்” என்று ஒன்றைக் கையில் தருவார்கள். பக்கங்களை எண்ணி வாங்காதீர்கள். எது நகத்திலிருந்து குறைவாகச் சுரண்டுகிறது, எதை முழுதாகக் கழுவ முடிகிறது என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு வாங்குங்கள். இந்த அலசல் முழுவதும் அந்த இரண்டையும் வைத்துத்தான்.

சுரண்டலைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? கைவிரல் நகத்தின் தடிப்பு சராசரியாக அரை மில்லிமீற்றர்தான். இறந்த கெரட்டின் கலங்கள் அடுக்கடுக்காகப் படிந்து உருவான தகடு அது. தோலில் காயம் பட்டால் ஆறிவிடும். நகத் தகட்டில் எடுத்தது எடுத்ததுதான், அடியிலிருந்து புது நகம் வளர்ந்து வரும்வரை அந்த இடம் மெல்லிசாகவே இருக்கும். அந்த வளர்ச்சியும் மாதத்துக்கு 3 மில்லிமீற்றர் அளவில்தான். நகம் 12 மில்லிமீற்றர் நீளம் என்று வைத்துக்கொண்டால், நுனியில் இருக்கும் பகுதி வேரை விட்டுப் புறப்பட்டு நாலு மாதம் ஆகியிருக்கும். கிழமைக்கு ஒருமுறை பஃபர் போடுபவரின் நுனி நகம் அதற்குள் பதினாறு, பதினேழு தடவை தேய்பட்டிருக்கும். “பஃபர் போட்டதிலிருந்து நகம் ஒடியுது” என்று சொல்பவர்களுக்கு நுனியிலேயே ஒடிவது இதனால்தான்.

முதலில் எண்ணைப் பாருங்கள்

பஃபரிலும் நக அரத்திலும் சொரசொரப்பைக் குறிக்க ஓர் எண் இருக்கும். எண் கூடக் கூட மேற்பரப்பு மென்மை. 100, 150 எல்லாம் அக்ரிலிக் போன்ற செயற்கை நகத்துக்கு. 180 சொந்த நகத்தின் நுனியை அராவி வடிவமைக்க. நகத்தின் முகத்தில் வைப்பதென்றால் 240க்குக் கீழே எதையும் வைக்கக்கூடாது. 400, 600 வந்தால் நகம் வழுவழுப்பாகும். 1000க்கு மேலே போனால் மினுக்கம் தொடங்கும், 3000, 4000 இல் கண்ணாடிபோல் ஆகும்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் கட்டுக் கட்டாக விற்கும் மலிவுப் பஃபர்கள் பலவற்றில் இந்த எண்ணே கிடையாது. அப்படியானதை வாங்கவேண்டி வந்தால் மணிக்கட்டின் உட்பக்கத் தோலில் மெதுவாக ஒருமுறை இழுத்துப் பாருங்கள். தோலில் வெள்ளைக் கீறல் விழுந்தால் அந்தப் பக்கம் நகத்தின் முகத்துக்கு ஆகாது.

சதுரக்கட்டை

எல்லோர் வீட்டிலும் இருப்பது இதுதான். நடுவில் ஸ்பொஞ்ச், நாலு பக்கமும் நாலு விதமான தாள். ஏழு பக்கம் என்று விற்பதும் இதே இனந்தான், தட்டையான அரத்தின் வடிவில் ஏழு பட்டைகளாகப் பிரித்திருப்பார்கள். வழக்கமாக முதல் ஒன்றிரண்டு பட்டைகள் நுனியை அராவ, அடுத்தது நகத்தின் முகத்தில் மேடாக நிற்கும் வரிகளை எடுக்க, பிறகு வழுவழுப்பாக்க, கடைசியில் மினுக்க. ஏழையும் வரிசையாகப் பாவித்தே தீரவேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. நகம் ஏற்கெனவே மட்டமாக இருந்தால் வரி எடுக்கும் பட்டை உங்களுக்குத் தேவையே இல்லை, நேரே கடைசி இரண்டுக்குப் போகலாம்.

இதன் பலம் விலையும் வளைந்துகொடுக்கும் தன்மையும். ஸ்பொஞ்ச் நகத்தின் வளைவுக்கு ஏற்ப அமுங்குவதால் நடுவில் மட்டும் தேய்ந்து ஓரம் அப்படியே இருக்கும் சிக்கல் குறைவு. நகத்தில் நீளவாக்கில் வரிகள் உள்ளவர்களுக்கு, அதாவது வயது போகப் போகப் பலருக்கும் வருகிற அந்த மெல்லிய கோடுகளுக்கு, கட்டையின் 240 பக்கம் நன்றாக வேலை செய்யும். ஆனால் வரியை முழுதாக அழிக்கப் போகாதீர்கள். மேடு சற்றுத் தணிந்தால் போதும். பள்ளத்தின் மட்டத்துக்கு மேட்டைக் கொண்டுவர முயன்றால் நகம் முழுவதையும் அந்தளவுக்கு மெல்லிசாக்கிவிடுவீர்கள்.

பலவீனம் அதே ஸ்பொஞ்சில் இருக்கிறது. துளைகள் உள்ள பொருளுக்குள் நகத்தூளும் ஈரமும் போனால் வெளியே எடுக்க வழியில்லை. மேலே ஸ்பிரிட் தடவினாலும் உள்ளே சுத்தமாகாது. கடற்காற்றும் புழுக்கமும் உள்ள நம் ஊரில், குளியலறை அலுமாரிக்குள் வைத்த கட்டை ஈரம் இழுத்துக்கொண்டே கிடக்கும். பங்கசு பிடித்த நகம் உள்ள ஒருவர் பாவித்ததை அடுத்தவர் எடுத்தால் அது தொற்றக்கூடும். அம்மா, மகள், மருமகள் என்று ஒரே கட்டையைப் பகிர்வது நம் வீடுகளில் சர்வசாதாரணம். தயவுசெய்து அதை நிறுத்துங்கள், ஆளுக்கொன்று வாங்குங்கள். பார்லருக்குப் போகும்போதும் உங்கள் கட்டையைப் பையில் கொண்டுபோங்கள், அல்லது புதிதாக ஒன்றை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கண்ணாடிப் பஃபர்

விலை கட்டையைப் போலப் பல மடங்கு. ஆனாலும் வரியில்லாத, ஆரோக்கியமான நகம் உள்ளவருக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். கண்ணாடியின் மேற்பரப்பிலேயே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய பள்ளங்களைச் செதுக்கியிருப்பார்கள். ஒட்டிய தாள் இல்லை என்பதால் உரிந்துபோக எதுவுமில்லை. பாவித்து முடிந்ததும் சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும், பள்ளத்தில் அடைத்த வெள்ளைத் தூள் போய்விடும். பிறகு ஸ்பிரிட் துடைத்துக் காயவைக்கலாம். நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் தரும் பஃபர் வேறில்லை.

மினுக்கமும் கெதியாக வரும். ஒரு நகத்துக்குச் சில இழுப்புகள் போதும். இங்கேதான் கவனம் வேண்டும். கட்டையின் தாள் தேயத் தேயத் தன்பாட்டில் மென்மையாகிவிடும், கண்ணாடி அப்படியில்லை. வாங்கிய அன்று எப்படிச் சுரண்டியதோ ஏறத்தாழ அப்படியே பல மாதம் சுரண்டும். மினுக்கம் வந்த பிறகும் தொலைக்காட்சி பார்த்தபடி கை பழக்கத்தில் தேய்த்துக்கொண்டே இருந்தால் கட்டையை விட அதிகமாக நகத்தை எடுத்துவிடும். மினுங்கியதும் அடுத்த விரலுக்குப் போங்கள்.

வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள். சொரசொரப்பு கண்ணாடியோடு ஒன்றாக இருக்கவேண்டும். மேலே படலம் ஒட்டி ‘கிளாஸ்’ என்று விற்பதும் உண்டு. அது தாள்போலவே தேய்ந்து வழுக்கத் தொடங்கும், கண்ணாடி விலையைக் கொடுக்க அதில் ஒன்றுமில்லை. இன்னொன்று: நம் வீட்டுத் தரையெல்லாம் டைல்ஸ். விழுந்தால் உடையும். உறையோடு வருவதை எடுங்கள். ஓரம் சிறிது உடைந்தாலும் அதைப் பிறகு பாவிக்கக்கூடாது, தோலைக் கீறிவிடும்.

ஆழமான வரி உள்ளவர்களுக்கு இது பொருந்தாது. வரியின் மேடு மட்டும் மினுங்கும், பள்ளம் மங்கலாக நிற்கும், முன்பை விட வரி எடுப்பாகத் தெரியும்.

தோல் பஃபர்

திரவ நகப்பூச்சு பரவலாவதற்கு முந்திய காலத்தில் நகத்தை மினுக்கியது இதைக் கொண்டுதான். கைப்பிடியில் பொருத்திய மிருதுவான தோல், அதோடு மிக நுண்ணிய தூள் கலந்த ஒரு பசை. பசை இல்லாமல் தோலை மட்டும் வைத்துத் தேய்த்தாலும் இலேசான பளபளப்பு வரும். சுரண்டல் மிகக் குறைவு என்பதால் ஏற்கெனவே நகம் மெல்லிசாகிப் போனவர்களுக்கும், ஜெல் நகப்பூச்சைக் கழற்றிய கையோடு நகம் பாழாகி நிற்பவர்களுக்கும் இது ஒன்றுதான் பாதுகாப்பு. ஆனால் தோலைக் கழுவ முடியாது, நம் காலநிலையில் பூஞ்சணம் பிடிக்கும். மாற்றுத் தோல் கிடைக்கும் வகையாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கடைகளில் நான் இதை அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பற்றரியில் சுழல்வது

இதை நான் பொதுவாகச் சிபாரிசு செய்யமாட்டேன். சுழலும் உருளை ஒரே இடத்தில் நின்றால் சூடு ஏறும், எவ்வளவு எடுக்கிறது என்பதைக் கை உணராது. விரல் மூட்டுவாதம் உள்ள பெரியவர்களுக்கு, கையை முன்னும் பின்னும் அசைக்கவே வலிக்கும்போது, மிக மென்மையான மினுக்கும் தலையோடு மட்டும் இது உதவும். பார்லரில் செயற்கை நகத்துக்குப் பாவிக்கும் ட்ரில் வேறு விஷயம். அதை வீட்டில் சொந்த நகத்தில் வைக்கவே வேண்டாம்.

எப்போது தேய்ப்பது

குளித்துவிட்டு, அல்லது சட்டி பானை கழுவிவிட்டு வந்து உடனே உட்காராதீர்கள். தண்ணீரில் ஊறிய நகம் உப்பி மென்மையாக இருக்கும், அந்த நிலையில் பஃபர் நினைத்ததை விட அதிகமாக எடுக்கும். துவாயால் துடைத்து அரை மணித்தியாலமாவது விடுங்கள். முன்பு பூசிய கியூட்டெக்ஸ் இருந்தால் முழுதாக அகற்றுங்கள். பூச்சு தாளில் ஒட்டிக்கொண்டால் தாள் கெட்டுவிடும்.

ஒரே திசையில், அமுக்காமல் இழுக்கவேண்டும். நகம் சுட்டால் அந்தக் கணமே நிறுத்துங்கள். அடிப்பக்கத் தோல் மடிப்பில் படக்கூடாது, அது கிழிந்தால் கிருமி உள்ளே போகும், நகச்சுற்று வரும். முடிந்ததும் கையைக் கழுவித் துடைத்து ஒரு துளி தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ நகத்திலும் ஓரத்திலும் தடவுங்கள்.

இடைவெளி? வரி எடுக்கும் பக்கத்தை மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் தொடவேண்டாம். மினுக்கும் பக்கம் இரண்டு கிழமைக்கு ஒருமுறை போதும். மேலே கியூட்டெக்ஸ் பூசும் எண்ணம் இருந்தால் மினுக்கும் பக்கத்தை விட்டுவிடுங்கள். மிக வழுவழுப்பான நகத்தில் பூச்சு பிடிக்காது. 400 அளவில் ஒருமுறை தடவி, தூளையும் எண்ணெய்ப் பசையையும் ரிமூவர் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் பூசுங்கள்.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நம் பெண்கள் பஃபரை அதிகம் துஷ்பிரயோகம் செய்வது இதற்குத்தான். நண்டுக் கறி வைத்த கை, சோறு குழைத்துச் சாப்பிட்ட கை, மறுநாள் கலியாண வீடு. உடனே கட்டையின் சொரசொரப்பான பக்கத்தை எடுத்துக் கறை போகும்வரை தேய்ப்பார்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது. வெயிலில் உடுப்புக் காயப்போடும் நேரம் கைக்கும் சேர்த்து வெயில் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தானாகவே வெளிறும். சவர்க்காரம் போட்டதும் கறை சிவந்து தெரிந்தால் பயப்படவேண்டாம், காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். இன்று போனால் நாளை திரும்ப வரும் கறைக்காக நாலு மாதத்து நகத்தைச் சுரண்டுவது கொஞ்சமும் நியாயமில்லை. மருதாணிச் சிவப்பும் அப்படியே, வளர்ந்து போகட்டும்.

நகத்தில் எல்லாக் கோடும் பஃபருக்கான கோடு இல்லை. டெங்கு போன்ற கடுமையான காய்ச்சலுக்குப் பிறகு சில மாதத்தில் குறுக்குவாக்கில் ஒரு பள்ளம் தோன்றலாம். அது வளர்ந்து தானாக வெளியேறும், அதைத் தேய்க்காதீர்கள். நகம் கரண்டிபோல் நடுவில் குழிந்தால் இரும்புச் சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம், புதிதாகக் கறுப்புக் கோடு வந்தாலும் டொக்டரிடம் காட்டுங்கள். நீரிழிவு உள்ளவர்கள், நகத்தில் சொரியாசிஸ் உள்ளவர்கள் எந்தப் பஃபரையும் எடுக்குமுன் கேட்டுக்கொள்வது நல்லது.

கால் நகத்துக்கு வேறு பஃபர் வேண்டும். கையில் பாவித்த கட்டை பழசாகிவிட்டதென்று அதைக் காலுக்கு ஒதுக்குவதில் பிழையில்லை, காலில் பாவித்தது மட்டும் கைக்குத் திரும்பக்கூடாது. பங்கசு கால் நகத்தில்தான் அதிகம் குடியிருக்கும். கால் நகம் கை நகத்தின் பாதி வேகத்தில்கூட வளர்வதில்லை என்பதால் அதை மினுக்க இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போதும். இடையில் நுனியை நேராக வெட்டி, செருப்புப் பட்டி உராயும் ஓரத்தை 180 அரத்தால் மழுக்கி விட்டால் சரி.