புறவாசலில் வௌவால் பெட்டி: நாலு வருஷத்துக்குப் பிறகு

“கொசு குறைஞ்சுதா?”

வௌவால் அடைவதற்காக நான் சுவரில் மாட்டிய பெட்டியைப் பார்க்கிற எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இதுதான். இல்லை, குறையவில்லை. கொசுவுக்காக வௌவால் பெட்டி செய்ய நினைப்பவர்கள் அந்தப் பணத்தில் ஜன்னலுக்கு வலை அடித்துவிடலாம். வௌவால் கொசுவும் தின்னும், அதில் சந்தேகமில்லை. ஆனால் கிடைக்கிற பூச்சியையெல்லாம் தின்னும். கொசுவை மட்டும் தேடிப் பிடிக்க அதற்கு என்ன வேண்டுதலா? டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ பகலில் கடிப்பது. வௌவால் கிளம்புவது விளக்கு வைத்த பிறகு.

அப்புறம் எதற்குப் பெட்டி? எங்கள் வீடு திருநெல்வேலி மாவட்டத்தில் கல்லிடைக்குறிச்சிப் பக்கம். புறவாசலைத் தாண்டினால் வயல், அதற்கு அப்பால் கன்னடியன் கால்வாய். பழைய ஓட்டு வீட்டை இடித்துத்தான் இப்போதிருக்கும் கான்கிரீட் வீட்டைக் கட்டினோம். ஓட்டுக்கும் ரீப்பருக்கும் நடுவில் இருக்கிற சந்தில் சின்ன வௌவால்கள் எத்தனை தலைமுறையாகக் குடியிருந்தனவோ தெரியாது. ஓடு பிரித்த அன்று பட்டப்பகலில் அவை கிளம்பி, வெயிலில் திசை தெரியாமல் சுற்றின. புது வீட்டில் அவற்றுக்கு ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. நம் பக்கம் ஓட்டு வீடுகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பனையும் அப்படியே. இந்தக் கணக்குதான் மனதில் இருந்தது, கொசுக் கணக்கு இல்லை.

இடித்த வீட்டின் பரண் பலகைகள் கிடந்தன. பழைய பலகைதான் இதற்கு வசதி: பெயிண்ட் வாசம், மருந்து வாசம் எதுவும் இருக்காது. அளவு சொல்கிறேன். உயரம் இரண்டரை அடி, அகலம் ஒன்றரை அடி. முன்பலகை, நடுப்பலகை, பின்பலகை என்று மூன்று. அவற்றுக்கு இடையில் முக்கால் அங்குலச் சந்து இரண்டு. சந்தை அகலமாக வைத்தால் வௌவாலுக்குப் பிடிக்காது, குளவிக்குப் பிடிக்கும். பின்பலகை மட்டும் அரை அடி கீழே நீண்டிருக்க வேண்டும். பறந்து வந்து அதில்தான் ஒட்டும், பிறகு மேலே ஊர்ந்து உள்ளே போகும். அடிப்பக்கம் முழுக்கத் திறந்தே இருக்கும். ஆசாரிக்கு அதுதான் தாங்கவில்லை. “அண்ணாச்சி, கோழிக்கூடும் இல்ல, தபால் பெட்டியும் இல்ல. அடிப் பலகை இல்லாம என்ன பொட்டி இது?” என்றார்.

அதைவிடப் பெரிய சண்டை இழைப்புளியில் வந்தது. உள்பக்கத்தை இழைக்கவே கூடாது. வௌவால் நகத்தை மாட்டித் தொங்குவதற்குச் சொரசொரப்பு வேண்டும். பலகையின் குறுக்கே அரை அங்குலத்துக்கு ஒரு கோடாக, அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) ஆழத்துக்கு ரம்பத்தால் கீறச் சொன்னேன். நல்ல வேலைக்காரர் அவர். பலகையைக் கெடுக்கச் சொல்லிக் கூலியும் கொடுக்கிறானே என்று ஒரு பார்வை பார்த்தார். கண் அசந்த நேரத்தில் முன்பலகையின் உள்பக்கத்தை அழகாக இழைத்தும் வைத்துவிட்டார். அதைத் திரும்பக் கீறவைத்தோம். சிலர் கம்பி வலை அடிக்கிறார்கள், அது வேண்டாம். சிறகுத் தோலைக் கிழிக்கும். மற்றபடி ஆணி, ஃபெவிகால், கூலி எல்லாம் சேர்த்து ஒரு பெட்டிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் ஆனது.

இனி வெயில். இதைத்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். இணையத்தில் கிடைக்கிற வரைபடங்கள் பெரும்பாலும் அமெரிக்கக் குளிருக்கு எழுதப்பட்டவை. கறுப்போ அடர்ந்த பழுப்போ அடி, ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும் என்று சொல்லும். அங்கே அது சரி. குட்டிக்குச் சூடு வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு அதைச் செய்தால் உள்ளே இருப்பது வெந்துபோகும். ஒரே அளவில் இரண்டு பெட்டி செய்து, ஒன்றுக்குப் பழுப்பு அடித்து மேற்குச் சுவரிலும், இன்னொன்றுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துக் கிழக்குச் சுவரில் மாடி சன்ஷேடுக்கு அடியிலும் மாட்டினேன். எது நிற்கிறது என்று பார்க்கலாம் என்றுதான். கத்திரி சமயத்தில் தெர்மாமீட்டரை நூலில் கட்டி உள்ளே விட்டால், மத்தியானம் மேற்குப் பெட்டி 46 டிகிரி காட்டியது, கிழக்குப் பெட்டி 37. நாற்பதைத் தாண்டினாலே வௌவாலுக்கு ஆபத்து. மேற்குப் பெட்டிக்கு ஒன்றும் வராததில் எனக்கு நிம்மதிதான்.

கிழக்குப் பெட்டியில் இரண்டு காரியம் கூடுதலாகச் செய்தோம். முன்பலகையில் அடியிலிருந்து அரை அடி மேலே, அரை அங்குலத்தில் குறுக்காக ஒரு காற்றுச் சந்து. மேலே தகரத்துக்குப் பதிலாகப் பழைய வீட்டின் நாட்டு ஓடு. தகரம் சூட்டை அப்படியே உள்ளே இறக்கும், மழைக்குச் சத்தமும் போடும்.

சரி, எப்போது வந்தன? முதல் வருஷம் முழுக்க ஒன்றுமில்லை. பல்லி வந்தது, கரப்பான் வந்தது, குளவி மண் கொண்டுவந்து பூசியது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். கோயில் மண்டபத்தில் கிடக்கும் வௌவால் புழுக்கையைக் கரைத்து உள்ளே பூசு, வாசம் பிடித்து வரும் என்பது அதில் ஒன்று. அதை நான் செய்யவில்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா பக்கம் சுகர்லோஃப் கீ என்றொரு தீவில், மீன்பிடி விடுதி நடத்திய ரிக்டர் பெர்க்கி என்பவர் 1929-இல் 30 அடிக்கு ஒரு வௌவால் கோபுரமே கட்டினார். டெக்சாஸில் மலேரியாவை ஒழிக்க வௌவால் கோபுரம் கட்டிய சார்லஸ் கேம்ப்பெல்லின் வரைபடம் அது. வாசனைக் கவர்ச்சிப் பொருளெல்லாம் வைத்தும் வௌவால் குடிவரவில்லை. கொசு மட்டும் குறைவில்லாமல் இருந்தது. 2017-இல் இர்மா புயலில் கோபுரம் சாய்ந்தே போனது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் 1991-இல் கட்டிய வௌவால் வீட்டிலோ, கொண்டுவந்து விட்டவை போய்விட்டன. சில வருஷம் கழித்துத் தாமாக வந்தவைதான் பெருகின. ஆக, இடம் பிடித்தால் வரும், கூப்பிட்டு வராது.

இரண்டாம் வருஷம், கார் சாகுபடிக்குப் பாபநாசம் அணை திறந்து கால்வாயில் தண்ணீர் ஓட ஆரம்பித்த பிறகு, பெட்டிக்கு நேர் கீழே தரையில் கறுப்பாக அரிசி அளவு புழுக்கை கிடந்தது. எலியா, பல்லியா, வௌவாலா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பல்லி எச்சத்தின் நுனியில் வெள்ளைப் பொட்டு இருக்கும். எலிப் புழுக்கை காய்ந்தால் கல் மாதிரி ஆகும். வௌவால் புழுக்கையை ஈர்க்குச்சியால் அழுத்தினால் பொலபொலவென்று தூளாகும்; வெயிலில் பிடித்துப் பார்த்தால் வண்டுச் சிறகுத் துணுக்குகள் மினுங்கும். அப்படித்தான் மினுங்கியது. அன்று சாயங்காலம் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பொழுது அடையும்போது உள்ளே கிச்சுகிச்சு என்று சத்தம். அப்புறம் ஒன்று பலகையின் விளிம்புக்கு ஊர்ந்து வந்து, பிடியை விட்டு அப்படியே விழுந்தது. இரண்டு அடி விழுந்த பிறகுதான் சிறகை விரித்தது. பெட்டி 15 அடி உயரத்திலாவது இருக்கட்டும், அடியில் முருங்கைக் கொம்பு எதுவும் வேண்டாம் என்று ஏன் சொல்கிறார்கள் என்பது அப்போது நன்றாகப் புரிந்தது.

வந்தவை பிப்பிஸ்ட்ரெல் வகை. கட்டைவிரல் அளவு உடம்பு, ஐந்து கிராம் இருந்தால் அதிகம். முதலில் இரண்டு மூன்று. இப்போது தண்ணீர் ஓடும் மாதங்களில் இருபது வரை அடைகின்றன. கால்வாய் வறண்டு வயல் காய்ந்தால் பாதிகூட இருப்பதில்லை. ஐப்பசி மழையில் ஈசல் கிளம்பும் அன்று அவை தெரு விளக்கைச் சுற்றி அடிக்கிற கும்மாளம் பார்க்கக் கிடைக்கும். நெல்லைக் கெடுக்கும் குருத்துப்பூச்சி, இலைச்சுருட்டு இவற்றின் அந்துப்பூச்சிகளும் இரவில் பறப்பவைதான். அதனால் வயலுக்கு நல்லதாகவே இருக்கும். ஆனால் என் வீட்டு இருபது வௌவாலால் மகசூல் கூடியது என்று சொன்னால் அது கப்சா.

குறைகள்? புழுக்கை விழும், சுவரில் மூத்திரக் கறை படியும். படுக்கையறை ஜன்னலுக்கு மேல் மாட்டாதீர்கள். கூட்டும்போது தண்ணீர் தெளித்து, மூக்கை மறைத்துக்கொண்டு கூட்டுங்கள்; காய்ந்த தூளை முகர்வது நல்லதல்ல. ரோஜாத் தொட்டிக்குக் கொஞ்சமாகப் போடலாம், அருமையான உரம். கீழே விழுந்த வௌவாலை வெறுங்கையால் தொடவே கூடாது. தடித்த துணியால் எடுத்துச் சொரசொரப்பான சுவரில் உயரமாக ஒட்டவிட்டால் போதும். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மறுபேச்சே இல்லை.

அக்கம்பக்கத்துப் பேச்சும் உண்டு. “ஏய்யா, வவ்வா அடையுத வீடு விளங்குமா?” என்று பக்கத்து வீட்டு ஆச்சி கேட்டார். “உங்க ஓட்டுலயும்தான் அடையுது ஆச்சி, நீங்க நல்லாத்தானே இருக்கீய?” என்றேன். அதோடு சிரித்துவிட்டார். நிபா காய்ச்சல் பயத்தைச் சிரித்து ஒதுக்க முடியாது. 2018-இல் கோழிக்கோட்டில் வந்தபோது கேரள எல்லையான செங்கோட்டைக்கு இந்தப் பக்கமும் பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் அந்தக் கிருமிக்கு இருப்பிடம் மரத்தில் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால். கொய்யாவைக் கடித்துப் போடுவதும், வாதாங்கொட்டையைச் சப்பிவிட்டு எறிவதும்கூடப் பழந்தின்னிகள்தான். அவை இந்த முக்கால் அங்குலச் சந்துக்குள் நுழையாது. கடித்த பழத்தைத் தின்னாமல் இருந்தால் சரி.

பெட்டி செய்ய வசதியில்லாதவர்கள் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. புறவாசலில் பனை நின்றால் காவோலையைக் கழிக்காமல் விடுங்கள். எங்கள் பனையில் ஓலை கழிக்க ஏறியவர் முதல் மட்டையைத் தட்டியதுமே மஞ்சள் வயிற்றோடு நாலைந்து வௌவால் பறந்தன. பெட்டியில் இருப்பவற்றைவிடப் பெரியவை. “இருக்கட்டும், இறங்கும்வே” என்று நிறுத்திவிட்டேன். அந்தப் பனை இப்போது தாடி வைத்துக்கொண்டு நிற்கிறது. என்னைக் கேட்டால், காசு போட்டுச் செய்த பெட்டியைவிட அதற்குத்தான் மதிப்பெண் அதிகம்.

மேற்குப் பெட்டியை இறக்கி, சுண்ணாம்பு அடித்து, வடக்குச் சுவரில் மாட்டியாயிற்று. இப்போதைக்கு அதில் ஒரு பல்லியும் குளவிக்கூடும்தான். இந்தப் பிசான சாகுபடி போகட்டும், பார்க்கலாம்.