பால்வெட்டு ஹெட்லைட்: தவளை, நண்டு ஆய்வுக்கு எப்படி?

புனலூர் கடைத்தெருவில் ரப்பர் பால்வெட்டுச் சாமான் விற்கும் கடையில் வாங்கியது. விலை ஆயிரம் ரூபாய்க்குள். ஆரியங்காவு, தென்மலை ஓடைகளில் இரவில் தவளையும் நன்னீர் நண்டும் தேடும் எனக்கு, இதுவரை வாங்கிய விளக்குகளில் இதுதான் உருப்படி.

பேட்டரி இடுப்பில் இருப்பதால் தலையில் கனமில்லை. நம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே ஒளி போவதால், தவளையின் கண் மினுக்கம் தூரத்திலேயே தெரிகிறது. கையில் டார்ச் பிடித்தால் அந்த மினுக்கம் நம் கண்ணுக்குத் தப்பிவிடும். நண்டுக்கோ இரண்டு கையும் வேண்டும். நன்னீர் நண்டுக்குக் கடல் நண்டு போல நீந்தித் திரியும் லார்வா பருவம் கிடையாது. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வரும், தாய் அவற்றை வயிற்று மடலுக்குள் வைத்துச் சுமக்கும். அப்படி ஒரு தாயைப் பார்த்துவிட்டு, குஞ்சு ஒன்றுகூட உதிராமல் திரும்ப விடுவது எவ்வளவு பொறுப்பான வேலை! மரப்பொந்துத் தண்ணீரில் வாழும் காணி மரஞண்டு (Kani maranjandu) என்ற நண்டு 2017இல்தான் அறிவியலில் பதிவானது, இதே தென்கேரள மலைகளிலிருந்து. பொந்துக்குள் பார்க்கவும் இந்த ஒளி போதும்.

குறை உண்டு. மஞ்சள் ஒளியில் ஓட்டின் நிறம் சரியாகத் தெரியாது, படத்துக்கு வேறு விளக்கு வேண்டும். சார்ஜ் துளையின் மூடி லொடலொடவென்று இருக்கிறது, மழையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

விளக்கின் தலைப்பட்டையைக் கழற்றித் துவைத்து நன்றாகக் காயவைக்கலாம். தவளைகளைக் கொல்லும் கைட்ரிட் பூஞ்சை ஓடைக்கு ஓடை நம்மால் பரவக்கூடாது, அதனால் இது பெரிய வசதி. கடைக்காரரே, “டீச்சர், பட்டை தனியாவும் உண்டு” என்று எடுத்துக் கொடுத்தார். ரெண்டாக வாங்கிக்கொள்ளுங்கள்.