மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்குச் சூடு குறைக்க எது சரி: வெள்ளைப் பூச்சா, கூல் டைல்ஸா, ஃபால்ஸ் சீலிங்கா, ஏசியா?

வடசென்னையில் முத்தியால்பேட்டை, ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், மெட்ராஸ் டெரஸ் என்ற மரமும் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய கூரையுள்ள தாத்தா காலத்து வீட்டில் இருப்பவர்களுக்குக் கோடை வந்தால் ஒரே கவலைதான். கரண்ட் பில்லும் ஏறக்கூடாது, வீட்டின் உத்திரமும் முற்றமும் போகக்கூடாது, ஆனால் ராத்திரி தூங்க முடியவேண்டும். மேஸ்திரி ஒன்று சொல்வார், பெயிண்ட் கடையில் ஒன்று சொல்வார்கள், ஏசிக்காரர் வேறொன்று சொல்வார். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு முதலில் மொட்டைமாடிக்குத்தான்.

ஏன் என்றால், இந்த வீடுகள் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டி நிற்பவை. பக்கச் சுவரில் வெயில் பட வழியே இல்லை. சென்னையோ 13 டிகிரி அட்சரேகையில் இருக்கிறது, ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் உச்சி வெயில் நேராக மண்டைமேல் இறங்கும். அதனால் வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு மேலேயிருந்துதான் வருகிறது.

மெட்ராஸ் டெரஸை ஒருமுறை கீழே நின்று நிதானமாகப் பாருங்கள். தேக்கு உத்திரம், அதன்மேல் நெருக்கமாக மரச்சட்டங்கள், அதற்கும் மேல் சின்னச் சின்ன மெல்லிய செங்கல்லைக் குத்துவாட்டில் சாய்கோணமாக அடுக்கிச் சுண்ணாம்பில் பிடித்திருப்பார்கள். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் தெளித்து, நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்கிய அடுக்கு. கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான சுட்டமண் ஓடு. இத்தனை கனம் இருப்பதால் பகல் சூடு மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். இதை வெட்டி எடுத்துவிட்டு ஆர்சிசி போடச் சொல்பவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்பேன். மெல்லிய கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கும் கட்டில்மேல் அனலை இறக்கும், அதன் எடையைத் தாங்கவேண்டியதும் அதே பழைய சுண்ணாம்புச் சுவர்கள்தான். உத்திரம் உளுத்திருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றலாம்.

சரி, இருக்கிற தளத்தின்மேல் என்ன செய்வது? மூன்று வழி இருக்கிறது. வெள்ளைக் கூல் டைல்ஸ் வெயிலை நன்றாகத் திருப்பி அனுப்பும், பெருக்கிக் கழுவவும் சுலபம், ஆனால் சிமென்ட் கலவையோடு சேர்த்து ஏறும் எடை கொஞ்சமில்லை. ஏற்கெனவே பாட்டன் ஒரு அடுக்கு, அப்பா ஒரு அடுக்கு என்று ஒழுகலுக்காக ஏற்றிய தளமாக இருந்தால் உத்திரம் நடுவில் தொய்ந்துவிடும். கூல் ரூஃப் பெயிண்ட் எடையில்லாதது, புதிதாக அடித்த நல்ல வெள்ளை, மேலே விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பிவிடும். பிரச்சினை, ரப்பர் மாதிரிப் படலம் போடும் ரகங்களில். சுண்ணாம்புத் தளத்துக்குள் ஈரம் இருக்கும்போது மேலே மூடினால் அது மேலே போக வழியில்லாமல் கொப்புளம் கட்டும், இல்லாவிட்டால் கீழே மரத்தை நோக்கி இறங்கும். மூன்றாவது நம் பழைய வெள்ளையடிப்புதான்: கிளிஞ்சல் சுண்ணாம்பு, ஒட்டுவதற்குக் கொஞ்சம் பெவிகால். செலவு மிகக் குறைவு, தளம் மூச்சுவிடும், தெருவிலிருந்து பார்த்தால் வீட்டின் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாது. ஐப்பசி மழையில் கரையும், துறைமுக லாரிப் புழுதியில் கறுக்கும், அதனால் வருடாவருடம் மாசியில் அடிக்கவேண்டும். அந்தத் தொல்லையோடும் எனக்குப் பிடித்தது இதுதான். ஒழுகல் இருந்தால் மட்டும் முதலில் பெயர்ந்த தட்டோடுகளைச் சுண்ணாம்பில் மாற்றிப் பதித்துவிட்டு, காய்ந்த பிறகு அடியுங்கள்.

ஃபால்ஸ் சீலிங் பற்றி அதிகம் பேசவேண்டியதில்லை. ஏசி அறைக்கு உதவும் என்பது உண்மை. ஆனால் உத்திரத்தின் முனை சுவருக்குள் நுழையும் இடம்தான் இந்த வீடுகளின் உயிர்நாடி. ஒழுகலும் கரையானும் அங்கேதான் ஆரம்பிக்கும். அங்கே மரம் கெட்டிருந்தால், ஸ்க்ரூ டிரைவரால் குத்தும்போது பஞ்சுபோல உள்வாங்கும். ஜிப்சம் பலகையால் மறைத்துவிட்டால் அந்த இடம் கண்ணில் படாது.

அடுத்தது முற்றம். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடுகிறார்கள். நீளமாக, ஒடுக்கமாக இருக்கும் இந்த வீடுகளில் வாசல், முற்றம், கொல்லை இந்த மூன்றுதான் காற்றுக்கு வழி. வீட்டுச் சூடு மேலெழும்பி முற்றம் வழியாக வெளியேறினால்தான் மதியத்துக்கு மேல் வரும் கடற்காற்று தெருப்பக்கமாக உள்ளே நுழையும். மூடினால் ஷீட்டுக்கடியில் அனல் தேங்கிவிடும், பகலிலும் ஃபேன் ஓடியே தீரவேண்டும். இரும்புக் கிராதி திருட்டுக்குப் போதும். மழைக்கு, ஷீட்டை இரண்டடி உயர்த்தி நான்கு பக்கமும் திறந்து விடலாம். அதேபோல, சாய்வான மரப்பட்டி வைத்த பழைய ஜன்னலை எடுத்துவிட்டு அலுமினிய ஸ்லைடிங் போட்டால் பாதித் திறப்புதான் மிஞ்சும். மரப்பட்டி வெயிலைத் தடுத்துக்கொண்டே காற்றை விடும், ஸ்லைடிங்கால் அது முடியாது.

பில் விஷயத்தில் சுலபமான லாபம் ஃபேனில் இருக்கிறது. பழைய ஃபேன் சுமார் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்ற, கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 முதல் 35 வாட். ஒரு நாளைக்கு 12 மணிநேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு மட்டும் 29 யூனிட் அளவுக்கு மிச்சம். நான்கு ஃபேன் மாற்றினால் 100 யூனிட்டுக்கும் மேலேயே மிச்சமாகிவிடும், சுவரில் ஒரு ஓட்டைகூடப் போடவேண்டாம். இந்த உயரக் கூரையில் கம்பியை நீட்டித் தாழ்வாகத் தொங்கவிட்டால்தான் காற்று மேலே படும், அதை மறக்காதீர்கள்.

வயதானவர்களோ குழந்தையோ இருக்கும் வீட்டில் ஏசி வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே ஒரு சின்ன அறைக்கு, தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் ரகமாகப் போடுங்கள். மரப்பட்டி ஜன்னலைக் கழற்றாமல் உள்பக்கம் மட்டும் எடுத்து மாட்டக்கூடிய கண்ணாடிச் சட்டம் வைக்கலாம். வெளி யூனிட்டை முற்றத்துச் சுவரில் மாட்டுவதுதான் பெரிய தவறு, அறையிலிருந்து எடுத்த அத்தனை சூட்டையும் அது வீட்டின் நடுவிலேயே கொட்டும். மொட்டைமாடியில், உத்திரத்தின் நடுப்பகுதியில் இல்லாமல், கீழே சுவர் போகும் கோட்டுக்கு நேர்மேலே வைத்து, உள் யூனிட்டிலிருந்து வடியும் தண்ணீரைக் குழாயோடு தரைவரை இறக்கிவிடுங்கள். அந்தத் தண்ணீர் சுண்ணாம்புச் சுவரில் ஊறினால் ஓதம் ஏறி உப்புப் பூக்கும், அதை மறைக்க ஒருவர் சிமென்ட் பூசுவார், ஈரம் உள்ளேயே மாட்டிக்கொண்டு பூச்சு மொத்தமாகப் பெயரும்.