ஆறு வருடமாக ஒரு எம்.எஃப்.ஐ. மெஷினோடு

எங்கள் மோல்டிங் கம்பெனி லேபில் மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸர், அதாவது உருகிய பிளாஸ்டிக் எவ்வளவு சுலபமாக ஓடுகிறது (மெல்ட் ஃப்ளோ இன்டெக்ஸ், எம்.எஃப்.ஐ.) என்று அளக்கும் மெஷின், வந்து ஆறு வருடம் ஆகிறது. தினமும் அதோடுதான் வேலை. பேரல் என்கிற சூடான குழாயில் பிளாஸ்டிக் கிரானுல்ஸைப் போட்டு, உருகவிட்டு, பிஸ்டன் மேல் வெயிட்டை வைத்தால், அடியில் இருக்கும் டை என்கிற சின்னத் துளையுள்ள துண்டு வழியாக உருகிய பிளாஸ்டிக் நூலாக இறங்கும். 10 நிமிடத்துக்கு எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. பாலிபுரொப்பிலீனுக்கு 230 டிகிரி, 2.16 கிலோ. எங்கள் கிரேடுக்கு 30 வினாடிக்கு ஒரு தடவை நூலை வெட்டுவோம், துண்டு 0.6 கிராம் இருந்தால் இருபதால் பெருக்கி 12 என்று எழுதுவோம். குமிழி உள்ள துண்டு குப்பைக்கு.

இரண்டாம் வருடம் ஒரு கூத்து நடந்தது. வழக்கமாக 12 காட்டும் சரக்கு 11.4 ஆனது, அப்புறம் 10.9. சரக்கு சரியில்லை என்று ஒரு லாட்டையே நிறுத்திவைத்துவிட்டோம். சப்ளையர் அவர்கள் லேபில் போட்டுப் பார்த்து 12தான் என்றார்கள். கடைசியில் டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், துளையின் உள்சுவரில் பழுப்பாக மெல்லிய படலம். துளையே 2.095 மி.மீ.தான், விட்டம் ஒரு சதவீதம் குறைந்தால் ஓட்டம் நாலு சதவீதத்துக்கு மேல் குறையும். தப்பு முழுக்க எங்களுடையது. மன்னிப்பு மெயில் எழுதியதும் நான்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு டெஸ்ட்டும் முடிந்த கையோடு, சூடு ஆறுவதற்குள், பேரலைப் பருத்தித் துணியால் துடைத்துவிடுவோம். ஆறினால் சனியன் கல்லாக ஒட்டிக்கொள்ளும். டைக்குள் ஸ்டீல் கம்பியை விட்டுக் குடையவே கூடாது. துளை தேய்ந்தால் ரீடிங் ஏறிவிடும். வாரம் ஒரு தடவை கோ, நோ-கோ கேஜ் (துளை அளவு சரியா என்று பார்க்கும் ஊசி; ஒரு முனை நுழைய வேண்டும், மறுமுனை நுழையக் கூடாது) போட்டுப் பார்க்கிறோம். கண்ணாடி இழை கலந்த சரக்கு துளையை அரிக்கும், அதற்குத் தனி டை. பிவிசியை உள்ளே விடுவதே இல்லை. சூட்டில் சிதைந்து வரும் அமில ஆவி பேரலைத் தின்றுவிடும்.

மெஷின் மேல் குறை என்றால் ஹீட்டர்தான். டிஸ்ப்ளேயில் 230 என்று நிற்கும், உள்ளே தெர்மாமீட்டர் விட்டால் 227. ஒரு தடவை காலிபரேஷனுக்கு ஆள் வர இரண்டு மாதம் ஆனது. அதுவரை திருத்தத்தைப் பேப்பரில் எழுதி ஒட்டிவைத்து ஓட்டினோம்.

இன்னொன்று: இரண்டு லாட்டுமே 12 காட்டும், ஆனால் மெல்லிய சுவர் டப்பாவில் ஒன்று நிரம்பும், மற்றது பாதியில் நிற்கும். 2.16 கிலோ தள்ளும் வேகமும் மோல்டிங் மெஷின் தள்ளும் வேகமும் ஒன்றா என்ன? அதற்கு, வேகமாகத் தள்ளும்போது எப்படி ஓடுகிறது என்று அளக்கும் கேப்பிலரி ரியோமீட்டர் வேண்டும். விலை கேட்டதும் மேனேஜர் பேச்சை மாற்றிவிட்டார். இப்போதைக்குச் சந்தேகமான லாட்டை வெளி லேபுக்கு அனுப்புகிறோம்.