தாழை என்று ரம்பையைத் தலையில் கட்டிவிட்டார்கள், 3,600 ரூபாய் போச்சு

ஆன்லைனில் தாழஞ்செடி வாங்க நினைப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று இதைப் படியுங்கள். எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன், இப்போது வயிற்றெரிச்சல்தான் முதலில் வருகிறது.

எங்கள் வீடு நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு நடந்தே போகலாம். வேலியோரம் இருந்த தாழம்புதரை மதில் கட்டும்போது நாங்களே வெட்டினோம். அம்மா ஒரு மடலைப் பிய்த்துப் பீரோவில் புடவைக்கு நடுவே வைப்பார். அதை இப்போதும் சொல்லிச் சொல்லிக் காட்டுவார், அதனால்தான் தேடினேன். செடி விற்கும் ஒரு ஆன்லைன் கடையில் கன்று 600 ரூபாய். ஆறு கன்று, 3,600.

போனில் பேசியவர் என்னைவிட விவரமாகப் பேசினார். "சார், ஆண் தாழையிலதான் வாசனைப் பூ வரும், பெண் தாழையில அன்னாசி மாதிரி காய்தான். விதையில முளைச்சது எதுன்னு பூக்கிற வரைக்கும் தெரியாது, அதனால நாங்க பூத்த ஆண் தாழையோட பக்கக்கன்றைத்தான் பிரிச்சு வேர்விட வெச்சுத் தர்றோம்." தாழையைப் பற்றிச் சொன்னது அத்தனையும் உண்மை. இவ்வளவு தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று நினைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே பணத்தை அனுப்பிவிட்டேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

வந்த கன்றின் இலையோரம் விரலை ஓட்டினால் வழவழவென்று இருந்தது. தாழை இலை என்றால் இரண்டு ஓரமும் முள், அடியில் நடுநரம்பிலும் முள், கையைக் கிழித்துவிடும். கேட்டேன். "குட்டிச் செடிதானே சார், வளர வளர முள் வரும்" என்றார். சரி என்று மணலில் நட்டேன். ஒரே மாதத்தில் உப்புக்காற்றில் நுனியெல்லாம் கருகியது. கடற்கரைச் செடி கடற்காற்றில் கருகுமா?

எதிர்வீட்டு அக்கா வந்து ஒரு இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, இது பிரியாணிக்குப் போடுற ரம்பை இலைப்பா." எனக்கும் நீட்டினார், பாஸ்மதிச் சோற்று வாசம். ரம்பையும் தாழைக் குடும்பம்தான், ஆனால் அதில் பூவை எதிர்பார்த்து உட்கார்ந்தால் உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. முதலில் "போட்டோ அனுப்புங்க" என்றார்கள், அனுப்பினேன். "பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?" இல்லை. "உயிருள்ள பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாது." சரி, மாற்றியாவது கொடுங்கள் என்றால் "மேனேஜர் கூப்பிடுவார்" என்றார்கள். எந்த மேனேஜரும் கூப்பிடவில்லை, நேற்றிலிருந்து என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். 3,600 ரூபாய்! அதில் எத்தனை கிலோ பிரியாணி ஆக்கியிருக்கலாம்.

விவரமாக எழுதுகிற பொறுமை இப்போது இல்லை. முள் இல்லாத கன்றைத் தாழை என்றால் வாங்காதீர்கள். விதைக்கன்று வேண்டாம், பூத்துப் பார்த்த செடியின் பக்கக்கன்றை நேரில் போய்ப் பிரித்து எடுங்கள். பார்சல் வந்தால் வீடியோ எடுங்கள். முழுப்பணத்தை முதலிலேயே அனுப்பாதீர்கள். அம்மாவிடம் இன்னும் தொகையைச் சொல்லவில்லை, 600 என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.