கண்ணாடியிழைக் கம்பி: துரு இல்லை, ஆனால் கணக்கு வேறு

கான்கிரீட்டுக்குள் இரும்புக்குப் பதிலாகப் போடும் கண்ணாடியிழைக் கம்பியை (ரெசின் என்ற பிசினால் பிணைத்த கண்ணாடி இழைகள்) துருப்பிடிக்காது என்று சொல்லி விற்பதில் பொய்யில்லை. கடலோரப் பாலத்தின் தளம், உப்புநீர்த் தொட்டி, எம்.ஆர்.ஐ. அறையின் தரை ஆகிய இடங்களில் கண்ணாடியிழைக் கம்பியைத் தயங்காமல் போடலாம். எடையும் இரும்பில் ஏறக்குறைய கால் பங்குதான். "இரும்பைவிட இரண்டு மடங்கு வலு, 12 மி.மீ.க்குப் பதில் 10 மி.மீ. போதும்" என்று விற்பவர் ஆரம்பித்தால்தான் உஷாராக வேண்டும்.

விற்பவரின் அட்டவணையில் உத்தரவாத இழுவலிமை (இழுத்தால் அறாமல் தாங்கும் அளவு) 1000 மெகாபாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 440.11-22 விதிப்படி, சூழலால் வரும் நலிவுக்காக 0.85 ஆல் பெருக்கினால் 850 மிஞ்சும். நீடித்து நிற்கும் சுமை தரும் தகைவு (ஒரு அலகுப் பரப்பில் விழும் விசை) அதில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அதாவது 255. ஓயாத சுமையில் கண்ணாடியிழை ஆண்டுக்கணக்கில் நலிந்து, இழுவலிமைக்கு வெகு கீழேயே அறுந்துவிடும் என்பதால் இந்த வரம்பு. நீளாமல் எதிர்த்து நிற்கும் விறைப்பைக் காட்டும் மீள்மைக் குணகமோ 50 கிகாபாஸ்கல் அளவுதான், இரும்புக்கு 200. ஆக, 255-இல் இரும்பு 0.13 சதவீதம் நீளும், இது 0.5 சதவீதம் நீளும். கம்பி அறுவது இருக்கட்டும், தளம் தொய்வதும் விரிசல் விடுவதும்தான் முதலில் வந்து நிற்கும். பெரும்பாலும் கம்பியின் பரப்பைக் கூட்ட வேண்டியிருக்கும், குறைக்க முடியாது.

இரும்பு அறுவதற்கு முன் நன்றாக நீண்டு எச்சரிக்கை தரும். கண்ணாடியிழைக் கம்பி பட்டென்று அறும். அதனால் கம்பி அறுவதற்கு முன் கான்கிரீட் நொறுங்கும்படி வடிவமைப்பதே நல்லது. விதியும் அப்படித்தான்: கணக்கிட்ட வலிமையைப் பாதுகாப்புக்காகக் குறைக்கும் காரணி, கம்பி அறும் தோல்விக்கு 0.55, கான்கிரீட் நொறுங்கும் தோல்விக்கு 0.65.

ஆயுளைத் தீர்மானிப்பது ரெசின். கான்கிரீட்டின் காரம் கண்ணாடியை அரிக்கும். அந்தக் காரத்தின் ஹைட்ராக்சைடு உள்ளே போகாமல் தடுப்பது ரெசின்தான். வினைல் எஸ்டர் அல்லது எபாக்ஸி என்றால் வாங்கலாம், பாலியெஸ்டர் என்றால் வேண்டவே வேண்டாம். இந்தக் கம்பிக்கான அமெரிக்கத் தர நிர்ணயமான ஏ.எஸ்.டி.எம். டி7957 சான்றிதழை லாட் வாரியாகக் கேளுங்கள். எடையில் இழை 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது; 24 மணி நேர நீருறிஞ்சல் 0.25 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 60 டிகிரி காரக் கரைசலில் 90 நாள் ஊறிய பிறகும் 80 சதவீத வலிமை மிஞ்ச வேண்டும். பளபளப்பைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு என்ன சொல்வது!

சைட்டில் வளைக்க முடியாது. ஸ்டிரப்பும் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) கொக்கியும் தொழிற்சாலையிலேயே வளைந்து வர வேண்டும், வளைவில் நேர்க்கம்பியின் வலிமை 60 சதவீதம் இருந்தாலே தரம் தேறிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கத்தரிக் கட்டரில் வெட்டினால் முனை பிளந்துவிடும், வைர பிளேடுதான் சரி. கான்கிரீட்டைவிட லேசான பொருள் என்பதால் வைப்ரேட்டர் ஓடும்போது மிதந்து மேலே வரும். கவர் பிளாக்கோடு சேர்த்து அடியில் இறுகக் கட்ட வேண்டும். வெயில் படாமல் தார்ப்பாயால் மூடி வைக்க வேண்டும்.

தீ விஷயத்தில் இந்தக் கம்பிக்கு நாங்கள் தரும் மதிப்பெண் குறைவு. 100 டிகிரியைத் தாண்டியதும் ரெசின் இளக ஆரம்பித்து, கான்கிரீட்டோடு இருக்கும் பிடிப்பு தளரும். இரண்டு மணி நேரத் தீத்தாங்கல் கேட்கும் மாடித் தளத்துக்கு இரும்பையே போடுங்கள்.