கன்வேயர் பெல்ட்டில் விமானம்: எழும்பும் கட்சியும் எழும்பாது கட்சியும்

ஓடுபாதை முழுக்க ஒரு கன்வேயர் பெல்ட். அதன்மேல் ஒரு விமானம். விமானம் எந்த வேகத்தில் முன்னால் போகிறதோ, அதே வேகத்தில் பெல்ட் பின்னால் ஓடும். விமானம் எழும்புமா? இதற்கு இரண்டு கட்சி உண்டு.

எழும்பாது கட்சியின் வாதம்: இறக்கையைச் சுற்றிக் காற்று ஓடினால்தான் தூக்குவிசை. ட்ரெட்மில்லில் எவ்வளவு வேகமாக ஓடினாலும் முகத்தில் காற்று அடிப்பதில்லை. விமானமும் அப்படித்தான், இருந்த இடத்திலேயே ஓடும். இதில் காற்றைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. (பலத்த எதிர்காற்று வீசினால் நிற்கிற விமானம்கூடக் கிளம்பிவிடும், சிறிய விமானங்களைத் திறந்த வெளியில் கட்டிப்போடுவது அதனால்தான்.) ஆனால் விமானம் ஏன் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும்?

எழும்பும் கட்சி பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். காரின் எஞ்சின் சக்கரத்தைச் சுழற்றுகிறது, சக்கரம் தரையை உந்துகிறது. தரையே பின்னால் நழுவினால் கார் என்ன செய்யும், பாவம். விமானத்தில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே கிடையாது. அது பின்னால் தள்ளுவது காற்றை. சக்கரம் சும்மா உருள்வதற்கு மட்டும். ஒரு பொம்மைக் காரை ஓடும் ட்ரெட்மில்லின் மேல் பிடித்துப் பாருங்கள். சக்கரம் தலைதெறிக்கச் சுழலும், ஆனால் காரை முன்னே தள்ள ஒரு விரல் போதும். அந்த விரல்தான் எஞ்சின்.

சுமார் 400 டன் எடையுள்ள போயிங் 747-ஐ எடுத்துக்கொள்வோம். சக்கரங்கள் உருளும்போது வரும் உராய்வு எடையில் ஒன்றரை சதவீதம் என்று வைத்தால் 6 டன். நான்கு எஞ்சின்களும் சேர்ந்து தள்ளுவது 100 டன்னுக்கு மேல். பெல்ட் எதிர்த்து ஓடுவதால் இந்தக் கணக்கு பெரிதாக மாறாது. எனக்குக் கவலை டயரைப் பற்றித்தான். விமானம் மணிக்கு 290 கிலோமீட்டரில் எழும்பும்போது சக்கரம் 580-க்குச் சுழன்றாக வேண்டும். பெரிய விமான டயர்கள் பலவற்றின் வரம்பே 378 தான்.

எழும்பாது கட்சிக்கு ஒரு கடைசித் துருப்பு இருக்கிறது. ‘பெல்ட் விமானத்தின் வேகத்துக்கு ஈடாக ஓடவில்லை, சக்கரத்தின் வேகத்துக்கு ஈடாக ஓடுகிறது’ என்பார்கள். சக்கரத்தின் வேகம் என்பது விமானத்தின் வேகமும் பெல்ட்டின் வேகமும் சேர்ந்தது. அது பெல்ட்டின் வேகத்துக்குச் சமம் என்றால் விமானத்தின் வேகம் பூஜ்யம். விடையைக் கேள்விக்குள்ளேயே ஒளித்துவைத்துவிட்டு விடை கேட்கிறார்கள்! நிஜத்தில் விமானத்தை அப்படி நிறுத்திவைக்க, பெல்ட் நொடிக்கு நொடி வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும். அதற்கு முன்பே டயர்கள் வெடித்துவிடும்.

2008-இல், பரவலான நம்பிக்கைகளைச் சோதித்துப் பார்க்கும் ‘மித்பஸ்டர்ஸ்’ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இதைச் செய்தே பார்த்தார்கள். நீளமான ஒரு விரிப்பை வண்டியில் கட்டிப் பின்னால் இழுக்க, அதன்மேல் ஒரு மிக இலகுரக விமானம் எதிர்ப்பக்கம் ஓடியது. எழும்பியும் விட்டது. அதை ஓட்டிய விமானி, அதுவரை எழும்பாது கட்சி.